சி. வி.யும் மலையகத்தின் பெயரற்ற பாவலர்களும்

கலைஞனின் வாழ்க்கையை எழுதுவதென்பது நம்மிடையே பெரும்பாலும் புகழ்மாலை தொடுப்பதாகவே இருந்து வருகிறது. பிறந்த ஊர், பெற்றோர், வகித்த பதவிகள், சந்தித்த பெரியோர், மறைந்த நாள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, இடையிடையே வியத்தகு சம்பவங்கள் இரண்டொன்றைச் சேர்த்துவிட்டால் வரலாறு முற்றுப்பெற்றதாகக் கருதுகிறோம். அவன் எழுதியது யாது, எவரை நோக்கி எழுதினான், அவன் காலத்துச் சமுதாயம் அவன் எழுத்தில் எவ்வாறு பதிந்தது, அவன் காணத் தவறியது யாது என்னும் வினாக்கள் விழா மேடைகளில் எழுவதில்லை. மலையக எழுத்தாளரைப் பொறுத்தவரை இக்குறை இரட்டிப்பாகிறது. ஏனெனில் இங்கு இலக்கியவாதிகளுட் பலர் தொழிற்சங்கவாதிகளாகவும் இருந்தனர். சங்கங்கள் அவர்களின் படத்தைச் சுவரில் மாட்டின. நூல்களோ அலுமாரியில் உறங்கின.

2023ஆம் ஆண்டு மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நாம் நினைவு கூர்ந்தோம். மேடைகள்தோறும் முன்னோடிகளின் பெயர்கள் ஒலித்தன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் படைப்புகளை நாம் எந்த அளவுக்குப் படித்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள இதுவே தக்க தருணமாகும். இவ்வினாவை முன்வைத்து மக்களின் மகனாக அறியப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளையை மதிப்பிட முயல்வோம். அதற்கு முன்னர் அவர் காலூன்றி நின்ற மண்ணைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

*

மலையகத்தில் அச்செழுத்தைப் போராட்டக் கருவியாக்கியவர் கோ. நடேசய்யர். தஞ்சைப் பகுதியில் 1887இல் பிறந்து, இலங்கைக்கு வந்து, 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர், சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் தோட்டத் தொழிலாளர்க்காக வாதாடியவர், 1947இல் மறைந்தவர். புடைவை வியாபாரியாக வேடமிட்டு அவர் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்னும் செய்தியை அறியாதவர் இங்கு அரிது. ஆனால் அவர் 1937இல் எழுதிய ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் நாடகத்தைப் படித்தவர் எத்தனை பேர்? வேடமிட்ட கதை வாழ்கிறது; வேடத்தின் நோக்கம் எதுவோ அதை எடுத்துரைக்கும் நூல் வாசகரின்றிக் கிடக்கிறது.

அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அன்றைய தொழிலாளருட் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறாதவர். பத்திரிகை எட்டாத செவியைப் பாட்டு எட்டும் என்பதை அவ்வம்மையார் நன்கு உணர்ந்திருந்தார். மக்கள் முன்னரே அறிந்திருந்த மெட்டுகளில் அரசியற் கருத்துகளைப் பாடலாக்கிக் கூட்டங்களில் பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவருடைய பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. முதல் ஆண்டிலேதான் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளர் வேலையினின்று நீக்கப்பட்டனர். 1940 தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானான். இச்சூழலில் ஒரு பெண் மேடையேறிப் பாடினாள் என்பது சாமானியச் செய்தியன்று. ஆயினும் நம் வரலாறுகளில் அவர் பெரும்பாலும் ‘நடேசய்யரின் மனைவி’ என்ற ஒரு வரியோடு முடிந்து போகிறார்.

*

சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தார். அவர் பிறந்த குடும்பம் லயத்துக் காம்பராவில் வாழ்ந்த குடும்பமன்று, பெரியகங்காணிக் குடும்பம். புகழ்மாலை தொடுப்போர் இதனை ஒரு பெருமையாகச் சொல்லிச் செல்வர். வேறு சிலர் இதனை மறைக்க விழைவர். விமரிசகன் இரண்டையும் செய்தலாகாது. கங்காணி முறை யாது? தமிழகத்துக் கிராமத்தினின்று ஆட்களைத் திரட்டி வந்தவனே அவர்கள் வேலைக்கும் பொறுப்பாளனானான். அவர்களுக்குக் கடன் கொடுத்தவனும் அவனே. தன்கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு பெற்றான். கடன் தீராதவரை தொழிலாளி தோட்டத்தை விட்டகல முடியாது. ஆங்கிலக் கல்வியென்பது தொழிலாளியின் பிள்ளைக்குக் கனவிலும் எட்டாதிருந்த நாளில் சி. வி.க்கு அது கிட்டியதற்கு இந்தப் பொருளாதார அடித்தளமே காரணம். இதனைக் கூறுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. எந்த உழைப்பு தமக்கு எழுத்தறிவித்ததோ அந்த உழைப்பின் பக்கம் தம் எழுத்தைத் திருப்பியதிலேதான் அவருடைய பெருமை அடங்கியிருக்கிறது.

இளமையில் அவரை ஆட்கொண்டவர் தாகூர். 1934இல் அக்கவிஞர் இலங்கைக்கு வந்தபோது சி. வி. அவரைக் கண்டு தம் ஆங்கில இசை நாடகத்தைக் கையளித்தார் என்பர். இச்சந்திப்பும் மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்தியே. தாகூரின் செல்வாக்கு அவர் கவிதைக்கு நன்மை செய்ததா, தடையாயிற்றா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர் சி. வி. மறு ஆண்டிலேயே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. தம்மைத் தெரிவு செய்த மக்கள் நாடற்றவராக்கப்படுவதைச் சபையிலே அமர்ந்திருந்து காண நேர்ந்த கவிஞர் அவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் குரல் பாராளுமன்றத்தினின்று முற்றாக நீங்கியது. ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதை 1950களின் முற்பகுதியில் நூலுருப் பெற்றது. வாக்குச்சீட்டு இழந்த மக்களுக்காகக் கவிதை சாட்சி சொல்ல வந்தது எனலாம்.

வைகறையில் ஒலிக்கும் தப்பு, பெரட்டுக் களம், பனியில் நனைந்த கொழுந்துக் கூடை, மலைச்சரிவில் உழைத்து மடிந்து அத்தேயிலைத் தூரடியிலேயே கல்லறையுமின்றிக் கிடக்கும் முன்னோர் எனக் காட்சிகள் அக்கவிதையில் விரிகின்றன. இந்நாட்டின் செல்வத்துக்கு உரமானவர்க்கு இந்நாட்டில் ஒரு நினைவுக்கல்லும் இல்லை என்பதே அதன் உட்குரல். குடியுரிமை பற்றிய சட்ட வாதங்கள் பக்கம் பக்கமாக எழுந்த அந்நாளில், உரிமைக்கு ஆதாரம் உழைப்பே என்று இவ்வளவு தெளிவாக உரைத்த படைப்பு வேறு இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அவர் ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது நியாயமான கேள்வி. தோட்டங்களின் உடைமையாளர் மொழி ஆங்கிலம். சட்டம் இயற்றியோர் மொழியும் அதுவே. குற்றம் சுமத்துபவன் நீதிமன்றத்தின் மொழியில் பேசுவது இயல்பு. ஆனால் அதற்கொரு விலையும் உண்டு. கவிதையின் நாயகராகிய மக்கள் அதனைப் படிக்க இயலவில்லை. சக்தி பாலையாவின் தமிழாக்கம் 1969இல் வெளிவரும்வரை அம்மக்களைப் பற்றிய கவிதை அம்மக்களுக்கு அந்நியமாகவே இருந்தது.

வேறொரு குறையையும் சுட்டுதல் வேண்டும். அக்கவிதையில் தொழிலாளர் துயருறும் திரளாகத் தோன்றுகின்றனர். தனி மனிதராக நம்முடன் பேசுபவர் குறைவு. மலைமுகட்டில் நின்று கீழே லயத்தை நோக்கும் ஒருவரின் இரக்கம் அது. தாகூரிடம் கற்ற கனிவு சில இடங்களில் கொடுமையின் கூரிய முனையை மழுங்கச் செய்கிறது. தப்பின் ஒலி கவிதைக்கு அழகிய குறியீடாகிறது. அத்தப்பை அடித்தவன் எவன்? தோட்டத்துக்குள்ளும் சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்டவன். எல்லோருக்கும் முன் விழித்து எல்லோரையும் எழுப்பியவன். அவனுக்குள்ளிருந்த இரட்டைச் சுமையைக் குறியீடு சொல்வதில்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் இடைப்பட்ட முரண்பாட்டைக் கண்ட கண், தொழிலாளர்க்கிடையே நிலவிய ஏற்றத்தாழ்வைப் போதிய அளவு காணவில்லை. இது சி. வி. ஒருவரின் குறையன்று, அக்காலத்து இயக்கத்தின் குறையுமாகும்.

*

சி. வி.யின் பெருமை, அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை என்பதாகும். ஆங்கிலக் கவிதைக்குப் பின் அவர் தமிழ் நாவலுக்கு வந்தார். ‘வீடற்றவன்’ தொழிற்சங்கம் அமைக்க முனையும் தொழிலாளியின் கதை. அம்முயற்சியால் வேலை போகிறது. வேலை போனால் காம்பராவும் போகிறது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்பதை இந்நாவல் உணர்த்துமளவுக்கு எந்த அறிக்கையும் உணர்த்தாது. கவிதையில் திரளாகத் தெரிந்த மக்கள் இங்கே முகம் பெறுகின்றனர். கலை வடிவம் என்ற அளவில் நாவலில் தொய்வுகள் உண்டு; பாத்திரங்களின் மன இயக்கம் சில இடங்களில் சம்பவங்களின் வேகத்துக்குப் பின்தங்குகிறது. ஆயினும் மலைமுகட்டினின்று இறங்கி லயத்து வாசலில் நின்று பார்க்கும் பார்வை இது.

மூன்றாவது படி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. 1983இல் வெளிவந்த இத்தொகுப்பில் சி. வி. தாம் பேசுவதை விடுத்து மக்களைப் பேச விடுகிறார். தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களுக்கே உரிய வடிவங்கள். கவிதையிலே கொழுந்தெடுப்பவளாக நாம் தொலைவிலிருந்து கண்ட பெண், பாட்டிலே ‘நான்’ என்று வாய் திறக்கிறாள். கங்காணியை எள்ளும் துணிவும், துரையைப் பற்றிய கிண்டலும், விட்டு வந்த ஊரைப் பற்றிய ஏக்கமும் வாய்மொழிப் பாட்டில் ஒருங்கே வாழ்கின்றன. துன்பத்திலும் நகைக்கத் தெரிந்த இம்மக்களை வெறும் பரிதாபப் பொருளாகக் காண்பது எவ்வளவு பிழையென்பதை நாட்டார் பாடலே நமக்குக் கற்பிக்கிறது.

இத்தொகுப்பு வந்த காலத்தையும் மனங்கொள்ளல் வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றும் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டனர். தலைமன்னாரினின்று கப்பலேறிய குடும்பங்களோடு பாட்டுகளும் கப்பலேறின. பாட்டை நினைவில் வைத்திருந்த கிழவி மண்டபத்துக்குச் சென்றாள். கேட்டு வளரவேண்டிய பேரப்பிள்ளை கொத்மலையில் நின்றான். இத்தகைய நாளில் ஒருவர் பாட்டைச் சேகரிப்பது பொழுதுபோக்கு அன்று; கலைக்கப்படும் ஒரு சமுதாயத்தின் நினைவைக் காப்பதாகும். 1983 யூலை வன்செயலையும் கண்டுவிட்டு, 1984இல் சி. வி. மறைந்தார்.

ஆங்கிலக் கவிதை, தமிழ் நாவல், மக்கள் பாடல் என்னும் இம்மூன்று படிகளையும் ஒன்றாக நோக்கினால் அவர் வாழ்க்கையின் திசை நமக்குப் புலனாகிறது. பெரியகங்காணி வீட்டினின்று லயத்தை நோக்கி ஐம்பது ஆண்டுகள் இறங்கி வந்த பயணம் அது. ‘அவர் முதலில் அரசியல்வாதி, பின்னரே கவிஞர்’ என்போரும், ‘அரசியல் அவர் கவிதையைக் கெடுத்தது’ என்போரும் இத்திசையைக் கண்டிலர். சங்கப் பணியே அவரை மக்களிடம் அழைத்துச் சென்றது; மக்களிடம் சென்றதாலேயே அவர் கலை முதிர்ந்தது.

*

சி. வி.யின் வாழ்வையும் நடேசய்யரின் வாழ்வையும் தேடித் தொகுத்து நூலாக்கிய சாரல்நாடனுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். அவர் இட்ட அடித்தளத்தின்மேல் எழுப்பவேண்டிய கட்டடம் இன்னும் பெரிது. மீனாட்சியம்மைக்கு விரிவான வரலாறு வேண்டும். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தோட்டந்தோறும் ஆடுவித்த வாத்தியார்மாரின் வாழ்க்கையை எவர் எழுதப் போகின்றனர்? தப்புக் கலைஞரின் அடிவகைகளைப் பதிந்து வைத்தோமா? இளைஞர் கொழும்புக்கு வேலை தேடிச் செல்லும் இக்காலத்தில், ஒவ்வொரு முதியவரின் மறைவோடும் ஒரு கூத்தின் பாடம் மறைகிறது.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மைப் போன்றோர்க்கு இதில் நேரான பொறுப்புண்டு. நம் வகுப்பறைகளில் சங்கப் பாடலுக்கு உரை சொல்லும் மாணவி, தன் பாட்டி பாடும் ஒப்பாரியும் இலக்கியமே என்பதை அறியாதிருக்கிறாள். அறியாமை அவளுடையதன்று; அவளுக்கு அதனைச் சொல்லாத கல்வியினுடையது. ஒரு தவணை விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வரட்டும். பாட்டின் கீழே பாடியவரின் பெயரையும் எழுதட்டும். அப்பெயரைத் தவறாது எழுதச் சொல்வது முக்கியம். கல்லறையின்றி மடிந்தவரைப் பற்றிச் சி. வி. பாடினார். பெயரின்றிப் பாடியவரின் பெயரைப் பொறிப்பது அவர் நமக்கு விட்டுச் சென்ற பணி. அவர் படத்துக்கு மாலையிடுவதினும் இப்பணியைத் தொடர்வதே அவரைப் படித்தோம் என்பதற்குச் சான்றாகும்.