இணையக் குறித்தொகையும் எட்டுத்தொகை மரபும்

புத்தகத்தின் இடையே மயிலிறகை வைத்து மூடும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. வாசிப்பை விட்ட இடத்தை மீண்டும் காண்பதற்கு ஓலைநறுக்கும், நூற்கயிறும், பேருந்துச் சீட்டுங்கூடப் பயன்பட்டன. இன்று இணைய உலாவியில் நாம் இடுகின்ற பக்கக்குறியும் பெயரளவில் அம்மரபினதே. ஆயினும் இரண்டற்கும் உள்ள வேற்றுமை பெரிது. மயிலிறகு வைத்தவனிடத்துப் புத்தகமும் இருக்கும். பக்கக்குறி வைத்தவனிடத்துப் புத்தகம் இல்லை. அது பிறர் வீட்டு அலுமாரியில் உள்ளது. இவன் கையில் இருப்பது அவ்வீட்டின் விலாசம் மட்டுமே.

இச்சிந்தனை எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, நம் கல்லூரி விடுதியில் இருந்து கற்ற பழைய மாணவர் ஒருவர், தாம் பல ஆண்டுகளாகச் சேர்த்த பக்கக்குறிகள் முழுவதையும் ஒரே கோப்பாக்கி எமக்கு அனுப்பினார். "ஐயா, இவற்றை எப்படி அடுக்குவதென்று சொல்லுங்கள்" என்பது அவர் எழுதிய ஒரே வரி. அக்கோப்பை ஒரு நூலை வாசிப்பதுபோல் முதலிலிருந்து ஈறுவரை வாசித்தோம். வாசித்தபின், இதுவும் ஒரு தொகையே. ஆதலின் தொகைநூலை ஆராயும் முறையால் இதனையும் ஆராய்தல் தகும் என்று தோன்றிற்று.

முதலில் ஏட்டின் இயல்பைக் கூறுதல் வேண்டும். உலாவியிலிருந்து பக்கக்குறிகளை வெளியே எடுத்தால் அவை ஒரு சாதாரணக் கோப்பாக வரும். அதன் முதல் வரியில் நெற்ஸ்கேப் என்னும் பெயர் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். 1993இல் மொசைக் உலாவி இத்தகைய பட்டியலுக்கு வேறு பெயர் வழங்கியது. 1994இல் வந்த நெற்ஸ்கேப்பே புத்தகக்குறி என்ற சொல்லை நிலைநிறுத்தியது. அவ்வுலாவிக்கான ஆதரவு 2008இல் நின்றுபோயிற்று. ஆனால் அது வகுத்த கோப்பின் வடிவத்தைக் குரோமும் பயர்பொக்சும் விட்டபாடில்லை. பாடியவன் மறைந்தும் அவன் வகுத்த துறை நிற்பதுபோல என்க. ஒவ்வொரு குறிக்கும் அதன் தலைப்பு, முகவரி, இட்ட நேரம் என்னும் மூன்றும் அக்கோப்பிற் காணப்படும். நேரமானது 1970ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி தொடங்கி எண்ணிய விநாடிக் கணக்காக இருக்கும். வரிசையை எப்படிக் குலைத்து அடுக்கினும் இவ்வெண் மாறுவதில்லை. பாடபேதம் நோக்குவார்க்கு இதனினும் நல்ல அகச்சான்று கிடைப்பது அரிது.

இனி அடுக்குமுறை. நண்பரின் கோப்புறைகள் "படிக்க", "பிறகு", "பிறகு 2", "பஸ்ஸில் வாசிக்க", "லீவில் வாசிக்க", "மண்சரிவு", "பல" என்று பெயர் பெற்றிருந்தன. பஸ்ஸில் வாசிக்கச் சிறியன, லீவில் வாசிக்க நெடியன. நகைப்பதற்கு முன் ஒன்றை நினைதல் நன்று. நான்கு முதல் எட்டு அடிவரையுள்ள அகப்பாக்களைக் குறுந்தொகையிலும், ஒன்பது முதற் பன்னிரண்டு அடிவரையுள்ளவற்றை நற்றிணையிலும், பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அடிவரையுள்ளவற்றை நெடுந்தொகையாகிய அகநானூற்றிலும் சேர்த்த பழந்தமிழ்ப் புலவர் கொண்ட அளவுகோலும் நீளமே. ஆகவே நம் நண்பரை அறியாமைக்காரர் என்று ஒதுக்குதற்கில்லை. பொருளை நோக்காது அளவை நோக்கி வகுத்தல், தொகுப்பாருக்கு முதலிற் கைகொடுக்கும் வழியாகவே என்றும் இருந்துள்ளது.

ஆனாற் சங்கத் தொகுப்பாளர் அங்கே நின்றுவிடவில்லை. ஐங்குறுநூற்றில் திணைக்கு நூறாக ஐந்து நூறுகளை வைத்து, நூறு ஒவ்வொன்றையும் ஒரு புலவர்க்கு உரியதாக்கினர். இஃது இக்காலக் கோப்புறை முறையை முற்றும் ஒக்கும். ஒரு பாட்டு ஓர் அறையிலேயே இருக்கும். அகநானூற்றின் அமைப்போ இதனினும் நுட்பமானது. ஒற்றை எண் பெற்றவை யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். நானூற்றுள் 200 பாலைக்கும், 80 குறிஞ்சிக்கும், எஞ்சிய மூன்று திணைக்கும் நாற்பது நாற்பதும் ஆக அமைந்தன. பாட்டைத் திறவாமலே எண்ணைக் கண்டு திணையைச் சொல்லிவிடலாம். உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மர் செய்த இத்தொகுப்பு வேலையை, கணினியாளர் தம் மாணவர்க்குப் பாடமாக வைத்தாலும் மிகையாகாது என்பது எம் கருத்து.

கோப்புறை முறைக்கு ஒரு குறையும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கியது. அச்சட்டத்தின் பக்கத்தை நம் நண்பர் "சட்டம்" என்னும் அறையில் வைப்பதா, "தோட்டம்" என்னும் அறையில் வைப்பதா? தொல்காப்பியர் திணை மயங்குதலை விலக்காது விட்டது இத்தகைய இடர்ப்பாட்டை அறிந்தே போலும். பயர்பொக்ஸ் 2008 முதற் குறிச்சொல் இடும் வசதியைத் தந்துள்ளது; ஒரே பக்கம் இரண்டு மூன்று பெயரின்கீழ் நிற்கலாம். இவ்வசதியைப் பயன்கொள்வார் எம் மாணவருட் சிலரே. பலரும் இணைப்பை வாட்ஸப்பில் தமக்குத்தாமே அனுப்பிவிட்டுப் பின் தேடியலைகின்றனர். அதனைத் தொகுத்தல் என்று சொல்ல நா எழவில்லை.

இத்துணையும் அடுக்குதல் பற்றியது. அதனினும் முதன்மையான வினா வேறொன்று: அடுக்கப்பட்ட பொருள் உண்டா, இல்லையா?

"மண்சரிவு" என்னும் கோப்புறையைத் திறந்தபோதே இவ்வினா எம்மைத் தாக்கியது. 2016 மே 17ஆந் தேதி அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே என்னும் ஊர்களை மூடியது. அதே நாளில் அதே மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண்சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் மாண்டன. நண்பரின் குறிகளிற் பெரும்பகுதி அவ்வாரத்தில் இடப்பட்டவை என்பதை விநாடிக் கணக்கே காட்டிற்று. அன்று கண்ட செய்தி ஒவ்வொன்றையும் ஓயாது குறித்துவைத்திருக்கிறார். அவற்றுட் பலவற்றை யாம் அழுத்திப் பார்த்தோம். சில செய்தித்தளங்கள் தம் முகப்பிற்குக் கொண்டுசென்றன. சில "பக்கம் இல்லை" என்றன. சிலவற்றின் முகவரியே பிறர் கைக்குப் போய் வேறு எதையோ விற்றுக்கொண்டிருந்தது. இஃது அரநாயக்கவிற்கு மட்டும் நேர்ந்த விதியன்று. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டின்பின் கிடைக்காமற் போயின. குறிகளைப் பலரும் கூடிச் சேமிக்கும் இடமாக 2003இல் எழுந்த டெலிசியஸ் 2017இற் கைமாறி முடங்கியது. பொக்கெற் என்னும் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டது. பண்டமும் போகிறது, பண்டசாலைப் பட்டியலும் போகிறது.

மலையக நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தமையை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். அவர் பாடலை எழுதிக்கொண்டார். பாடிய மூதாட்டி இன்ன தோட்டத்தில் இன்ன லயத்தில் இத்தனையாம் காம்பிராவில் இருக்கிறாள் என்று மட்டும் குறித்துக்கொண்டு திரும்பியிருப்பின் நமக்கு என்ன எஞ்சியிருக்கும்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் எத்தனை லயங்கள் வெறிச்சோடின என்பதை அறிந்தவர்க்கு விடை கூறவேண்டியதில்லை. பக்கக்குறியோ அத்தகைய விலாசக் குறிப்பேயாகும். ஆதலின், இழக்கலாகாதது என்று கருதும் பக்கத்தை அப்படியே படியெடுத்துத் தன்னிடம் வைத்தல் வேண்டும்; இணைய ஆவணகத்திலும் ஒரு படி சேர்ப்பித்தல் வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் நூலையே கொண்டுவந்து வைத்தன. நூலகத்தின் ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஓர் எண் உண்டு. நண்பரின் குறிகளுள் அங்கே சென்றவை பழுதின்றித் திறந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்ட இனம், விலாசத்திற்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையைக் கற்றுக்கொண்டமை இயல்பே.

அப்படியாயின் இறந்த குறிகளை அழித்துவிடலாமா? இவ்விடத்தில் எம் கருத்துப் பலர் கருத்தோடு மாறுபடும். புறநானூற்றில் 267, 268 என்னும் பாட்டுக்கள் கிடைத்தில. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. நற்றிணையில் 234 இல்லை. ஆயினும் பதிப்பாசிரியர் எண்களை நெருக்கி அடைக்கவில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டனர். இழந்தது இன்னதென்று அறியாவிடினும் இழந்தோம் என்பதை அவ்வெண்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இறந்த குறியும் அவ்வாறே ஒரு சான்று. ஆனால் அது சான்றாவதற்குப் பெயர் வேண்டும். நண்பரின் பட்டியலில் "முகப்பு", "செய்தி", "முகப்பு" என்றே பல குறிகள் நின்றன. வேறு சில, ஒருங்குறிக்கு முந்திய பாமினி முதலிய எழுத்துருவில் அமைந்த பக்கங்களாதலின், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றின. இவை இறந்தால் இறந்தனவே. புறநானூற்றுப் பாட்டின் அடியில் திணை, துறை, பாடினார், பாடப்பட்டார் என்று எழுதிவைத்தானே ஒரு பழந்தமிழன், அவன் செய்ததில் நாலிலொன்றை நாம் செய்தால் போதும்: எழுதியவர் யார், எந்நாள் வந்தது, எதுபற்றியது, நான் ஏன் குறித்தேன். ஒரு வரி. உலாவி தானே இடும் தலைப்பை ஏற்றுக்கொள்வது சோம்பல் என்பதன்றி வேறில்லை. அச்சோம்பலை எம்மிடத்தும் கண்டு வெட்கினோம்.

நண்பர்க்கு இவ்வாறே விடை எழுதினோம். "பிறகு", "பிறகு 2" இரண்டையும் கலைத்துவிடுக. மண்சரிவுக் குறிகளை மட்டும் வரிசை மாற்றாது விடுக. திறப்பனவற்றை இன்றே படியெடுக்க. திறவாதவற்றிற்கு நினைவிலுள்ளதைப் பெயராக எழுதுக.

ஒரே ஒரு குறிக்கு எம்மால் வழி சொல்ல முடியவில்லை. அது "பல" என்னும் கோப்புறையில், சமையற் குறிப்பொன்றிற்கும் பழைய வினாத்தாள் ஒன்றிற்கும் இடையே கிடந்தது. "சினேகிதன் வீடு" என்பது அதன் பெயர். பட்டியல் முழுவதிலும் அவர் தம் கையால் எழுதிய பெயர்கள் மிகச் சில. இஃது அவற்றுள் ஒன்று. அழுத்தினால் உலகப்படம் விரிந்து சிரிபுரவின் மேற்சரிவில் ஒரு புள்ளியைக் காட்டுகிறது. முகவரி சிறிதும் பழுதின்றித் திறக்கிறது. விநாடிக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் 2016 மார்ச் மாதம் என்று வருகிறது. அதனை எந்த அறையில் வைப்பதென்று அவர் தனியே கேட்டிருந்தார். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினோம்.