‘முதல் ஆசிரியர்’: ஒரு குறுங்காலப் பிரதேசத்தின் இலக்கியச் சாட்சியம்

சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ (1962) மொஸ்கோ வெளியீடுகளின் வழியே தமிழ் வாசகருக்கு நன்கு அறிமுகமான குறுநாவலாகும். அரைகுறை எழுத்தறிவுடைய இளைஞன் ஒருவன் மலைக்கிராமமொன்றிற் பாடசாலை அமைத்த கதை என்ற அளவிலேயே அது பெரும்பாலும் போற்றப்பட்டு வந்துள்ளது. தனிமனித அர்ப்பணிப்பின் கதையாக மட்டும் அதனைக் காணும்போது, கதை நிகழும் ஆண்டு 1924 என்பதன் முக்கியத்துவம் நழுவிவிடுகிறது. அவ்வாண்டின் வரலாற்றோடு இணைத்துக் கதையை நோக்குவதே இங்கு எமது முயற்சி.

1924 ஒக்டோபர் 14இல், மத்திய ஆசியாவின் தேசிய எல்லைகள் வகுக்கப்பட்டபோது, துர்க்கெஸ்தான் சுயாட்சிக் குடியரசின் பகுதிகளிலிருந்து கரா-கிர்கீசிய சுயாட்சிப் பிரதேசம் உருவாக்கப்பட்டது. அப்பெயர் ஏழு மாதங்களே நிலைத்தது. 1925 மே மாதத்தில் ‘கரா’ என்னும் அடை நீங்கிற்று. 1926 பெப்ரவரியில் பிரதேசம் சுயாட்சிக் குடியரசாகியது. இப்பெயர் மாற்றம் அற்பமானதன்று. சாரிய ஆட்சியாளர் கசாக்கியரைக் ‘கிர்கீசியர்’ என்றும், கிர்கீசியரைக் ‘கரா-கிர்கீசியர்’ என்றும் வழங்கினர். பிறர் இட்ட இப்பெயர்களைப் புரட்சி அரசும் முதலில் ஏற்றுக்கொண்டது. 1920இல் தோன்றிய ‘கிர்கீசிய’ சுயாட்சிக் குடியரசு உண்மையிற் கசாக்கியருடையதே. 1925இலேயே இரு மக்களும் தத்தம் பெயரைப் பெற்றனர்.

இப்பிரதேசத்தை மேலிருந்து வழங்கப்பட்ட கொடையாகக் காண்போர் உளர். மக்களைப் பிரித்தாளும் சூழ்ச்சி எனக் கொள்வோரும் உளர். இரண்டும் ஒருதலைப்பட்சமானவை. 1922இலேயே அப்திகெரிம் சிதிகவ், யூசுப் அப்திரஹ்மானவ் முதலியோர் தனியான மலைப் பிரதேசமொன்றினை நிறுவ முயன்றனர். மொஸ்கோ அதனைத் தடுத்து நிறுத்தியது. எனவே, கோரிக்கை உள்ளிருந்து எழுந்தது. எல்லையையும் காலத்தையும் தீர்மானிக்கும் அதிகாரம் மேலே இருந்தது. இம்முரண்பாடே பிரதேசத்தின் இயல்பை நிர்ணயித்தது.

அதன் பயன் உடனடியாகவே பண்பாட்டுத் தளத்திற் புலப்பட்டது. ‘மனாஸ்’ என்னும் மாபெருங் காப்பியத்தை வாய்மொழியாகவே பேணிய மக்களின் முதற் செய்தித்தாளாகிய ‘எர்க்கின் தூ’ (சுதந்திர மலைகள்), பிரதேசம் நிறுவப்பட்டு ஒரு மாதம் நிறையுமுன், நவம்பர் 7இல் தாஷ்கந்தில் வெளிவந்தது. திருத்தப்பட்ட அரபு வரிவடிவில் அது அச்சாகியது. அவ்வெழுத்துச் சீர்திருத்தத்தில் முன்னின்றவர் காசிம் தினிஸ்தானவ்.

இப்பின்னணியிற் கதைக்குத் திரும்புவோம். கிராமத்தவர் எதிர்ப்புத் தெரிவிக்கும்போது, தூய்ஷேன் சோவியத் ஆட்சியின் முத்திரை பொறித்த தாளொன்றை எடுத்துக் காட்டுகிறான். செல்வந்தனின் பழைய குதிரைலாயம் பாடசாலையாவதற்கு அத்தாளே ஆதாரம். அநாதைச் சிறுமி அல்தினாய் இரண்டாந் தாரமாக விற்கப்படும்போதும், அவன் காவலர் இருவரோடு சென்றே அவளை மீட்கிறான். மலைக்கிராமத்தை முதன்முறையாக எட்டும் புதிய அரசின் கரமே கதையில் முத்திரையாகவும் காவலராகவும் உருப்பெறுகிறது. அக்கரமின்றித் தூய்ஷேனின் நல்லெண்ணம் பயனற்றுப் போயிருக்கும் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. இதுவே படைப்பின் யதார்த்த வலிமை எனலாம்.

ஆயின் முத்திரையின் மறுபக்கம் கதையில் இடம்பெறவில்லை. 1930களின் அடக்குமுறையில் தினிஸ்தானவும் சிதிகவும் அப்திரஹ்மானவும் கொல்லப்பட்டனர். கட்சிப் பொறுப்புகளை வகித்த தொரேகுல் ஐத்மாத்தவ், அதாவது எழுத்தாளரின் தந்தை, 1938இற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் புதையுண்ட இடம் 1991இலேயே கண்டறியப்பட்டது. எழுத்தும் இருமுறை மாறியது. அரபு வரிவடிவத்தை 1920களின் இறுதியில் இலத்தீனும், 1940களின் தொடக்கத்திற் சிரில்லிக்கும் அகற்றின. தூய்ஷேனின் தலைமுறை கற்பித்த எழுத்தைக் கற்றோரின் பிள்ளைகளால் வாசிக்க இயலாது போயிற்று.

கதையின் முடிவு இவ்விடத்து ஊன்றி நோக்கத்தக்கது. புதிய பாடசாலைத் திறப்புவிழாவுக்குக் கல்விமானாகிய அல்தினாய் வருகிறாள். முதுமையடைந்த தூய்ஷேனோ தபாற்காரனாக வாழ்த்துத் தந்திகளைக் கொணர்ந்து கொடுத்துவிட்டு, விருந்தில் அமராமலே போய்விடுகிறான். அவனது அறியாமையை நினைவுகூர்ந்து விருந்தினர் நகைக்கின்றனர். அல்தினாய் நாணிப் புறப்படுகிறாள். இதனை 1938க்கு நேர் உருவகமாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், தன்னை உருவாக்கியோரை மறந்துவிட்ட ஒரு சமூகம் இங்கு தெளிவாகக் குற்றஞ்சாட்டப்படுகிறது. 1956ஆம் ஆண்டுக் கட்சிக் காங்கிரசின் பின்னர் எழுந்த சுயவிமர்சனச் சூழலே இதற்கு இடமளித்தது. அச்சூழலின் எல்லையே படைப்பின் மௌனத்தையும் விளக்குகிறது.

முற்போக்கு வாசகராகிய நாம் இக்கதையைப் பெருமிதத்தோடு பரிந்துரைத்து வந்தோம். அப்பரிந்துரையை மீளப்பெற வேண்டியதில்லை. லாயத்தைப் பாடசாலையாக்கிய ஆட்சியையும் எழுத்தமைத்தவர்களைக் கொன்ற ஆட்சியையும் ஒரே வரலாறாக ஏற்று அதனை வாசிக்கும் பொறுப்பு மட்டும் எமக்கு எஞ்சியுள்ளது.