முதல் வருஷத்துத் தீர்ப்பு

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். பழமொழிகளில் பலவற்றைப் போல இதுவும் பாதி உண்மைதான். முளையிலேயே செழித்து, பிறகு நன்றாக விளைந்த பயிரை ஞாபகம் வைத்துக்கொண்டு யாரோ சொன்னது. முளையில் தளதளவென்று நின்றுவிட்டுக் கதிர் பிடிக்காமல் போனவற்றையும், முதலில் வெளிறிக் கிடந்து பின்னால் தழைத்தவற்றையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தால் பழமொழியே பிறந்திராது.

அமெரிக்காவில் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தமிழ் அறியாமலே இந்தப் பழமொழியை நம்புகிறார்கள். தொழில்முறை ஃபுட்பால் கோஷ்டிகள் ஏப்ரல் மாதத்தில் புதிதாக எடுத்த இளைஞர்களுக்கு, அவர்கள் ஆடிய முதல் வருஷம் முடிந்ததும் ஜனவரியில் மதிப்பெண் போடுவது அங்கே வழக்கம். இந்தக் கோஷ்டிக்கு முதல் வகுப்பு, அந்தக் கோஷ்டி தோல்வி என்று, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி முடிவு சொல்லிவிடுவார்கள். இதுவும் ஒரு விமரிசனந்தான். விமரிசனம் என்பதால்தான் அது எவ்வளவு தூரம் நியாயமானது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

விஷயத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. இரு முனையும் கூம்பிய பந்து; அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். காலால் உதைப்பது எப்போதாவதுதான். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் அது டச்டவுன். ஒவ்வொரு தடவையும் பந்தை வாங்கி, யாரிடம் தருவது, எங்கே எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்கிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் மாதிரி அவன். அவன் சோபிக்காவிட்டால் நாடகம் எடுபடாது.

தேசிய ஃபுட்பால் லீகில் 32 கோஷ்டிகள் உண்டு. கல்லூரிகளில் ஆடிப் பெயர் வாங்கிய இளைஞர்களை இவர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் டிராஃப்ட் என்று பெயர். போன வருஷம் கடைசியில் நின்ற கோஷ்டி முதலில் எடுக்கலாம். ஜயித்த கோஷ்டி கடைசியில். பணக்காரக் கோஷ்டிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைப் பொறுக்காமல், பிலடெல்ஃபியா கோஷ்டியின் சொந்தக்காரரான பெர்ட் பெல் என்பவர் 1935இல் கொண்டுவந்த யோசனை இது. முதல் டிராஃப்ட் 1936இல் நடந்தது. அதில் முதல் முதலாக வாசிக்கப்பட்ட பெயர் ஜே பெர்வாங்கர். அவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாள்கூட இறங்கவில்லை. வேறு ஜீவனத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஆக, அந்த ஏற்பாட்டில் முதல் தேர்வே பலிக்கவில்லை.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே மதிப்பெண் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஜாதகம் பார்ப்பது, அதை விட்டுவிடலாம். ஒரு வருஷம் ஆடவிட்டுப் பார்த்துச் சொல்வது அதைவிட யோக்கியமான காரியமாகத் தோன்றுகிறது. கண்ணுக்கு முன்னால் சாட்சியம் இருக்கிறதே! இந்தக் கட்சியில் நியாயமும் இருக்கிறது. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டக்காரனுக்கு இருபத்திரண்டு வயதிலேயே கால் வேகம் முழுவதும் வந்துவிடுகிறது. எரிக் டிக்கர்ஸன் 1983இல், தாம் ஆடிய முதல் வருஷத்திலேயே, 1,808 கெஜம் ஓடிக் காட்டினார். அப்படிப்பட்டவர்களின் ஆட்ட ஆயுளும் குறைவு. அவர்கள் விஷயத்தில் முதல் வருஷத்துத் தீர்ப்பு பெரும்பாலும் நிற்கும். வாழை வைத்தவன் வருஷத்துக்குள் குலையை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

ஆனால் குவார்ட்டர்பேக் தென்னை ஜாதி. 1998ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆளாக இண்டியானாபொலிஸ் கோஷ்டி பேட்டன் மானிங்கை எடுத்தது. இரண்டாவது ஆளாக ஸான் டியேகோ கோஷ்டி ரையன் லீஃபை எடுத்தது. முதல் வருஷத்தில் மானிங் எறிந்த பந்துகளில் 28 எதிரிகளின் கையில் போய் விழுந்தன. லீஃப் அப்படிப் பறிகொடுத்தவை 15தான். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் மானிங்தான் மோசம். அவருடைய கோஷ்டி 16 ஆட்டங்களில் 3தான் ஜயித்தது. அடுத்த வருஷம் அதே கோஷ்டி 13 ஆட்டங்களை ஜயித்தது. மானிங் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டத்தைப் பின்னால் ஐந்து தடவை வாங்கினார். லீஃப் தலை எடுக்கவே இல்லை. முதல் வருஷத்திலும் இருவருக்குள் வித்தியாசம் தெரிந்ததா என்றால், தெரிந்துதான் இருந்தது. மானிங் 26 டச்டவுன் எறிந்தார். லீஃப் எறிந்தவை 2. தப்புச் செய்தாலும் ஆட்டத்தை நடத்துகிறவன் ஒருவன், ஆட்டம் கையை விட்டு நழுவுகிறவன் ஒருவன். தப்புகளை எண்ணுவதோடு நின்றுவிடுகிற விமரிசகனுக்கு இந்த வித்தியாசம் அகப்படாது.

இதைவிடச் சுவாரஸ்யமானது 2018ஆம் வருஷத்துக் கதை. அந்த வருஷம் முதல் சுற்றிலேயே ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். பேக்கர் மேஃபீல்டு முதல் ஆளாகக் கிளீவ்லாந்துக்கு. சாம் டார்னால்டு மூன்றாவதாக நியூயார்க் ஜெட்ஸுக்கு. ஜாஷ் ஆலன் ஏழாவதாகப் பஃபலோவுக்கு. ஜாஷ் ரோஸன் பத்தாவதாக அரிஸோனாவுக்கு. லமார் ஜாக்ஸன் முப்பத்திரண்டாவதாக, சுற்றின் கடைசி ஆளாகப் பால்டிமோருக்கு.

வருஷம் முடிந்ததும் பார்த்தவர்களுக்கு யார் முதல் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. மேஃபீல்டு 27 டச்டவுன் எறிந்தார். முதல் வருஷ ஆட்டக்காரர்களில் அது அன்று சாதனை. முந்தின வருஷம் 16 ஆட்டங்களில் ஒன்றுகூட ஜயிக்காத கிளீவ்லாந்து, அவர் வந்ததும் 7 ஆட்டங்களை ஜயித்தது. பால்டிமோரில் ஜாக்ஸன் பாதியில் இறங்கி 7 ஆட்டங்களில் 6 ஜயித்துக் கொடுத்தார். இருந்தாலும், ஓடத் தெரிகிறது, எறியத் தெரியுமா என்று முணுமுணுப்பு. ஆலன் எறிந்த பந்துகளில் ஏறக்குறையப் பாதி, சேர வேண்டியவன் கையில் சேரவில்லை. 10 டச்டவுன், எதிரிக்குத் தானம் 12. ரோஸன் 11 டச்டவுன் எறிந்து 14 பந்துகளைப் பறிகொடுத்தார். அவர் கோஷ்டி 3 ஆட்டங்களோடு நின்றது. ஆலனுக்கும் ரோஸனுக்கும் காகிதத்தில் அதிக தூரம் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று? ஜாக்ஸன் அடுத்த வருஷமே 36 டச்டவுன் எறிந்து, ஒரு வாக்குக்கூடக் குறையாமல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2023இல் மறுபடியும் அந்தப் பட்டம் பெற்றார். ஆலன் 2024ஆம் வருஷத்துக்கு அதே பட்டத்தை வாங்கினார். மேஃபீல்டைக் கிளீவ்லாந்து 2022இல் அனுப்பிவிட்டது. அவர் வேறு ஊர்களில் அலைந்து, டாம்பாவில்தான் நிலைகொண்டார். டார்னால்டையும் நியூயார்க் மூன்று வருஷத்தில் கைகழுவிவிட்டது. அவர் 2024இல் மின்னஸோட்டா கோஷ்டியை நடத்தி 14 ஆட்டங்களை ஜயித்தார். ரோஸன் ஒருவர்தான் மீளவே இல்லை.

ஏன் மீளவில்லை என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பஃபலோவில் ஆலனுக்கு வாய்த்தது என்ன? எடுத்த பயிற்சியாளரே இருந்தார். ஆட்ட வகுப்பைச் சொல்லிக் கொடுத்தவரும் நாலு வருஷம் மாறவில்லை. 2020இல் எறிந்த பந்தைப் பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற கைகாரரை விலை கொடுத்து வாங்கிவந்தார்கள். அந்த வருஷம் ஆலன் எறிந்ததில் நூற்றுக்கு 69 சரியாகப் போய்ச் சேர்ந்தன. அரிஸோனாவில் ரோஸனுக்கு வாய்த்தது என்ன? ஆட்ட வகுப்புச் சொல்லிக் கொடுத்தவரை வருஷத்தின் நடுவில் நீக்கினார்கள். பிரதான பயிற்சியாளரை வருஷக் கடைசியில் நீக்கினார்கள். புதிதாக வந்தவருக்குப் புது ஆள் வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் கைலர் மரே என்பவரை முதல் ஆளாக எடுத்துக்கொண்டு, ரோஸனை மயாமிக்குத் தள்ளிவிட்டார்கள். அப்போது ரோஸனுக்கு வயது 22.

அரிஸோனா செய்தது முட்டாள்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. மரே அந்த வருஷமே புதியவர்களுக்கான பரிசைப் பெற்றார். கோஷ்டி லாபக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். நான் சொல்வது வேறு. பத்திரிகைக்காரன் போடுகிற தீர்ப்பு தப்பாகப் போனால் அடுத்த வருஷம் ஆட்டமே அதைத் திருத்திவிடும். ஆலன் அப்படித் திருத்தினார். கோஷ்டியே அந்தத் தீர்ப்பை ஏற்று நிறைவேற்றிவிட்டால் திருத்துவதற்கு இடம் இல்லை. வைத்த ஒரு வருஷத்தில் பிடுங்கிப் போட்ட கன்று காய்த்திருக்குமா என்று யார் சொல்ல முடியும்? ரோஸனிடம் சரக்கு இல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க இனி வழி கிடையாது. தன் சாட்சியத்தைத் தானே அழித்துவிடுகிற தீர்ப்பு அது.

புகழ்ச்சியும் இதே கெடுதலைச் செய்யும். 2012இல் வாஷிங்டன் கோஷ்டி மூன்று முதல் சுற்று உரிமைகளையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் கொடுத்து, இரண்டாவது ஆளாக ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. முதல் வருஷம் பிரமாதம். 20 டச்டவுன், எதிரி கைக்குப் போனது வெறும் 5. புதியவர்களுக்கான பரிசும் அவருக்கே. அன்று மதிப்பெண் போட்டவர்கள் நூற்றுக்கு நூறு போட்டார்கள். ஆனால் 2013 ஜனவரி 6ஆம் தேதி நடந்த ஆட்டத்தில், ஏற்கனவே அடிபட்டிருந்த முழங்காலோடு இறங்கி ஆடி, கால் மடங்கி விழுந்தார். பழைய ஓட்டம் திரும்பவில்லை. 2016இல் அந்தக் கோஷ்டியே அவரை அனுப்பிவிட்டது. அவர் இடத்தில் 2015இல் வந்து உட்கார்ந்தவர் கிர்க் கஸின்ஸ். அதே 2012 டிராஃப்டில் அதே கோஷ்டி நாலாவது சுற்றில் எடுத்து, எதற்கு இன்னொரு குவார்ட்டர்பேக் என்று கேலிக்கு ஆளான தேர்வு அது.

அப்படியானால் முதல் வருஷத்தில் எதையுமே சொல்லக் கூடாதா? பொறுத்திருங்கள், பொறுத்திருங்கள் என்பது கையாலாகாத நிர்வாகிகளின் பல்லவி. லீஃபுக்காகப் பத்து வருஷம் காத்திருந்தாலும் ஒன்றும் விளைந்திராது. முதல் வருஷத்தில் சொல்லக்கூடியவை சில உண்டு. கொடுத்த விலை என்ன என்பது அன்றைக்கே தெரியும். எடுத்த ஆளை எதற்காக எடுத்தார்களோ அந்த வேலைக்கு விட்டார்களா என்பது தெரியும். செப்டம்பரில் செய்த தப்பை டிசம்பரிலும் செய்கிறானா, வேறு தப்புச் செய்கிறானா என்பது தெரியும். சுற்றிலும் உள்ளவர்கள் அவனைத் தாங்கினார்களா என்பதும் தெரியும். இவையெல்லாம் கோஷ்டியைப் பற்றிய தீர்ப்புகள். ஆளைப் பற்றிய தீர்ப்புக்கு லீகே ஒரு தவணை வைத்திருக்கிறது. 2011இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, டிராஃப்டில் எடுத்தவர்களுக்கு நாலு வருஷ உடன்படிக்கை. முதல் சுற்று ஆட்களை ஐந்தாம் வருஷமும் வைத்துக்கொள்வதா என்பதை மூன்று வருஷம் ஆடிய பிறகுதான் கோஷ்டி தீர்மானிக்க வேண்டும். பணம் போட்டவனே மூன்று வருஷம் பார்க்கிறான். பேனா பிடித்தவனுக்கு மட்டும் என்ன அவசரம்?

இந்த அடக்கத்துக்கு ஒரு கணக்கும் ஆதாரமாக இருக்கிறது. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் பல வருஷத்து டிராஃப்டுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேலர் பின்னால் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். ஒரே ஸ்தானத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவன் உண்மையில் மேலானவனாக ஆவது நூற்றுக்கு 52 தடவைதான் என்று கண்டார்கள். காசைச் சுண்டிப் போடுவதற்குக் கொஞ்சம் மேல். ஆயுசு முழுவதும் இதே வேலையாக இருக்கிற நிபுணர்களின் தேர்வு இப்படி இருக்கிறது. ஒரு ஜனவரி மாதத்துச் சனிக்கிழமையில் மதிப்பெண் போட்டு முடிக்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இலக்கியத்தில் நமக்கும் இந்த வியாதி உண்டு. ஒருவனுடைய முதல் நாவல் வந்த மூன்று மாதத்துக்குள், இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதிவிடுகிறோம். அந்த நாவல் நல்லதா, கெட்டதா என்று சொல்ல நமக்குப் பூரண உரிமை உண்டு, சொல்லத்தான் வேண்டும். அதை எழுதியவன் இனி என்ன எழுதுவான் என்பதைச் சொல்ல உரிமை இல்லை. ஆட்டத்தையும் ஆட்டக்காரனையும் போட்டுக் குழப்பிக்கொள்வது போலத்தான், நூலையும் எழுத்தாளனையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். நூலைப் பற்றிய மதிப்புரையைத் தாங்குகிற தெம்பு இளைஞனுக்கு இருக்கும். ஆளைப் பற்றிய தீர்ப்பைப் பதிப்பாளரும் படித்து நம்பிவிட்டால் இரண்டாவது நாவலே வராது. அப்புறம் நம்முடைய தீர்ப்பு சரிதான் என்று நாமே மெச்சிக்கொள்ளலாம். மறுத்துச் சொல்வதற்குத்தான் புத்தகம் இல்லையே!

அமெரிக்காவில் இந்த ஜனவரியில் மதிப்பெண் போட்டவர்களுக்கு ஏப்ரலில் புதுப் பெயர்கள் வந்துவிடும். பழைய தாள்களை எடுத்துப் பார்க்க அவர்களுக்குப் பொழுது இருப்பதில்லை. வாசகர்கள் எடுத்துப் பார்க்கலாம். 2018இல் போட்ட மதிப்பெண்களை 2024இன் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் படித்தால், ஆட்டக்காரர்களைப் பற்றித் தெரிகிற அளவுக்குத் திருத்தியவர்களைப் பற்றியும் தெரியும்.