தலைமடைப் புத்தகமும் கடைமடைப் புத்தகமும்

மேட்டூரில் வழக்கம்போல் ஜூன் 12 அன்று மதகைத் தூக்கினால் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாளாகும். அங்கே அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரியும். பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, ஓடம்போக்கி, பாமணியாறு, கோரையாறு என்று கிளைத்து, வாய்க்காலாகி, வாய்க்காலின் வாய்க்காலாகி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலைத் தொடுவதற்குள் தலைமடைக்காரர் நாற்றங்கால் விட்டு முடித்திருப்பார். சில வருடம் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதே இல்லை.

தஞ்சைத் தரணியைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை ஊர்வாரியாக அடுக்கிப் பார்த்தால் அவையும் இதே போக்கில்தான் கிடக்கின்றன. தண்ணீர் முதலில் வந்த இடத்தில் எழுத்தும் முதலில் வந்தது, தாராளமாக வந்தது. கடைமடைக்கு அது தாமதமாக, முறை வைத்துத்தான் வந்து சேர்ந்தது. டெல்டாவுக்குப் பயணம் கிளம்புகிறவர் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், எந்த மடையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் என்று பார்த்து எடுங்கள் என்பதே என் பதில். ஒரு மடைப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் அந்த மடையை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவார்.

வந்தியத்தேவனோடு கிளம்புகிறவர்கள்

பெரும்பாலோர் கையில் இருப்பது ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனோடு கதை தொடங்குகிறது. எழுதிய கல்கி மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலத்தில் பிறந்தவர். வாய்க்காலும் வரப்பும் தெரிந்த கை. ஆற்றில் புதுப்புனல் வரும் நாளின் குதூகலத்தை வாசகனுக்கு ஏற்றிவிடுவதில் அந்த முதல் அத்தியாயத்தை மிஞ்ச ஆளில்லை. அந்த ஏரியைத்தான் இன்று வீராணம் என்கிறோம். கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக நிரம்பி, இப்போது சென்னைக்கும் குடிதண்ணீர் தருகிறது.

சிக்கல், சோழர் தலைநகராக இருந்த பழையாறையில் வரும். நாவலைப் படித்துவிட்டுப் போகிறவர் அங்கே அரண்மனையைத் தேடுவார். பட்டீஸ்வரத்தைச் சுற்றி இருப்பதோ வயலும் தென்னையும் சில கோயில்களும்தான். அரண்மனை ஊர்ப் பெயர்களில் ஒளிந்திருக்கிறது: சோழன்மாளிகை என்று ஒரு கிராமம், ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று படைவீடுகளின் பெயர் தாங்கிய ஊர்கள். பேருந்தின் பெயர்ப்பலகையிலிருந்தே ஒரு தலைநகரத்தை மீட்டெடுக்க, நாவலோடு வரலாற்று நூல் ஒன்றும் துணைக்கு வேண்டும்.

அதற்குக் குறைவில்லை. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் 1930களில் இரண்டு பகுதிகளாக வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ முதலிலிருந்தே தமிழில் எழுதப்பட்டது. பண்டாரத்தாரின் சொந்த ஊர் திருப்புறம்பியம். 9ஆம் நூற்றாண்டில் சோழர் எழுச்சிக்கு வழிவிட்ட போர் நடந்த இடம் அதுவே. கோயில்களுக்காகப் போகிறவருக்குக் குடவாயில் பாலசுப்ரமணியனின் ‘தஞ்சாவூர்’, ‘இராஜராஜேச்சரம்’ இரண்டும் போதும். முதலாவது நாயக்கர், மராட்டியர் காலத்தையும் சேர்த்துச் சொல்வதால், பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அரண்மனைக்கும் சரஸ்வதி மகாலுக்கும் நடக்கும்போது நூல் அறுந்துபோகாது.

கோயில் சுற்றுக்கு இன்னொரு வழிகாட்டியும் உண்டு: தேவாரம். சோழநாட்டின் பாடல் பெற்ற தலங்களைக் காவிரி வடகரை 63, தென்கரை 127 என்று ஆற்றை வைத்துத்தான் மரபு எண்ணியது. தேவாரப் பதிப்புகளில் பண்முறை, தலமுறை என்று இரண்டு வகை உண்டு. பயணிக்குத் தலமுறைப் பதிப்பே ஏற்றது. கரையோடு கரையாக ஊர்கள் வரிசையில் வந்துகொண்டிருக்கும்.

கும்பகோணம் ஏன் இவ்வளவு எழுதியது?

கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. கணக்குப்படி தலைமடை இல்லை. ஆனால் பழைய பாசனத்தின் நெஞ்சுப் பகுதி. நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டுவிட்டு நெல் வருமானத்தில் வாழ்ந்த மிராசுதார் குடும்பங்கள், 1854இல் தொடங்கிய கல்லூரி, பட்டணத்துப் பத்திரிகையைக் கொண்டுவந்த ரயில் — மூன்றும் கூடிய இடத்தில் வாசிக்கவும் எழுதவும் ஓய்வு கிடைத்தது. ந. பிச்சமூர்த்தியும் கு.ப. ராஜகோபாலனும் இந்த ஊர்க்காரர்கள். எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு, தி. ஜானகிராமன் ஆகியோர் அடுத்த அணி. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிறுகதையில் இத்தனை பேரைத் தந்த சிறுநகரம் வேறு உண்டா என்பது சந்தேகம்.

இவர்களுக்கு முன்னால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1855இல் பிறந்தவர்; சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரம். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்த இந்நூல் ‘எங்கள் ஊர்’ என்ற அத்தியாயத்தோடு தொடங்குகிறது. பாட்டும் கதாகாலட்சேபமுமாக ஊர் ஊராகக் குடும்பத்தோடு நகரும் தந்தை, மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனம், பிறகு 1880இல் கும்பகோணம் கல்லூரி வேலை. எந்த ஊரில் யார் ஆதரித்தார், யார் வீட்டில் சாப்பாடு, எத்தனை கல் நடை என்று எல்லாம் அதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சையின் ஊர்வழிப் படத்துக்கு இதைவிட நம்பகமான புத்தகம் எனக்குத் தெரியவில்லை. முழுவதும் படிக்க நேரமில்லாதவர் கும்பகோணம் வரும்வரை படித்தால்கூடப் போதும்.

ஜானகிராமன் 1921இல் மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் பிறந்தவர். ‘மோகமுள்’ கும்பகோணத்துத் தெருக்களையும் சங்கீதத்தையும், ‘அம்மா வந்தாள்’ காவிரிக் கரை வேதபாடசாலையையும் களமாகக் கொண்டவை. அவர் எழுத்தில் ஆறு பின்னணியாக நிற்பதில்லை. குளிக்க, துவைக்க, அழ, ஒளிந்து பார்க்க என்று மனிதர்கள் அதற்குள் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து அவர் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971இல் வெளிவந்தது. குடகு முதல் பூம்புகார் வரை ஆற்றைப் பின்தொடர்ந்த பயண நூல். பயணிக்கென்றே எழுதியது என்றால் இதுதான். டெல்டாவை மட்டும் பார்க்கப் போகிறவரும் மைசூர்ப் பக்கத்து அத்தியாயங்களைத் தாண்டிப் போகக்கூடாது. அகண்டு வந்த ஆறு பூம்புகாரில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிக் கிடப்பதைக் கண்டு பலர் ஏமாந்துபோகிறார்கள். ‘பட்டினப்பாலை’யும் சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டமும் காட்டும் துறைமுகம் நினைவிலிருந்தால் ஏமாற்றம் இன்னும் கூடும். ஆறு வற்றிப் போகவில்லை, வயல்களுக்குள் பிரிந்து போயிருக்கிறது என்பது மேலிருந்து பின்தொடர்ந்து வந்தவருக்குத்தான் விளங்கும்.

கும்பகோணம் என்றால் அக்கிரகாரம் என்று முடித்துவிடவும் கூடாது. வெங்கட்ராமின் ‘வேள்வித்தீ’ பட்டுத் தறி நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பத்தின் கதை. கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ தொழுநோய் கண்ட ஒருவனைப் பின்தொடர்ந்து அவனைச் சுற்றியுள்ள சமூகத்தின் பசிகளைத் திறந்து காட்டுகிறது. தேவதாசி முறையை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ 1936இல் வந்தது. கோயிலும் இசையும் நாட்டியமும் என்று நெகிழ்கிறவர் அதையும் படித்துவிட்டு நெகிழ வேண்டும். நாகசுரக் கலைஞர்களின் வாழ்க்கைக்குப் பி.எம். சுந்தரத்தின் ‘மங்கல இசை மன்னர்கள்’ இருக்கிறது.

வரப்புகள், தோப்புகள், கடற்கரை

தஞ்சாவூருக்கு மேற்கிலும் தெற்கிலும் போனால் மொழியே வேறு. தஞ்சை ப்ரகாஷின் ‘கரமுண்டார் வூடு’, சி.எம். முத்துவின் ‘கறிச்சோறு’ இரண்டும் கள்ளர் சமூக வாழ்க்கையை உள்ளிருந்து பேசுபவை. ப்ரகாஷின் ‘கள்ளம்’ தஞ்சாவூர் ஓவியம் வாங்கப் போகிறவர் முன்னதாகப் படிக்க வேண்டிய நாவல். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்தைப் பொதுவாகப் புது டெல்டா என்பார்கள். 1934இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகுதான் அங்கே காவிரி பாய்ந்தது.

மாயூரம் பக்கத்தில் இரண்டு பேர். ந. முத்துசாமியின் ‘நீர்மை’ உள்ளிட்ட கதைகள் புஞ்சை என்ற அவருடைய ஊரைச் சுற்றியவை. தெரு, குளம், திண்ணை தவிர அவற்றில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, ஆனால் ஊர் கண்ணை விட்டு அகலாது. சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ 1969இல் வந்தது. கரும்பாலை வைக்க ஒருவன் அடர்ந்த தோட்டத்தை வெட்டி எரிக்கிறான். டெல்டா என்றால் ஆதியிலிருந்தே பச்சை வயல் என்ற எண்ணம் அந்த நெருப்பில் கருகிவிடும். வயலுக்கும் ஆலைக்கும் முன்னால் மூங்கில் காடும் புளியந்தோப்பும் இருந்தன.

கடற்கரையில் கதை தலைகீழ். எழுத்து ஆற்றோடு வராமல் கடலிலிருந்து ஏறி வந்தது. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கோட்டை கட்டினார்கள். 1706இல் வந்த சீகன்பால்கின் அச்சுக்கூடத்தில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். கோயில் பட்டியலோடு போகிறவர் கண்ணில் படாத டெல்டா இது.

கடைமடை

திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் பக்கத்தில் நாவலுக்கு முன்னால் துண்டறிக்கைதான் வந்தது. பண்ணையாள் முறையும், தட்டிக் கேட்டவருக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் நடைமுறையில் இருந்த காலம். தென்கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் 1940களில் எழுதிய ‘தஞ்சையில் நடப்பதென்ன?’ அந்த நிலவரத்தைச் சொன்ன சிறு நூல். அவர் நடத்திய விவசாயிகள் இயக்கத்தில் நின்ற மணலூர் மணியம்மாளை, தலைமுடியைக் கத்தரித்து வேட்டி கட்டிக்கொண்டு சேரிக்குள் நடந்த அந்த அந்தண விதவையை, ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலில் மீட்டெடுத்தார். அவருடைய ‘சேற்றில் மனிதர்கள்’ நடவு வயலில் நிற்பவர்களைப் பற்றியது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் முடிவு அது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வந்து 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. டெல்லியிலிருந்து வந்த படித்தவர்களின் கண் வழியாகவே அது சம்பவத்தை நெருங்குகிறது; நிலக்கிழாரின் கொடுமைக்கு உளவியல் காரணம் தேடியதாக இடதுசாரிகள் கடுமையாக விமர்சித்தார்கள். சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ வருவதற்குள் வெண்மணி நடந்து முப்பது ஆண்டு ஓடிவிட்டது. அதில் வயல்காட்டுப் பேச்சே கதையை நடத்துகிறது. பாட்டாளியின் ‘கீழைத்தீ’ அதற்குப் பிறகு. ‘குருதிப்புனல்’, ‘செந்நெல்’ இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே தீயைத் திண்ணையிலிருந்து பார்ப்பதற்கும் வரப்பிலிருந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் தெரியும்.

அந்தத் தூரம் ஆய்வாளர்களுக்கும் உண்டு. ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட தஞ்சைக் கிராம ஆய்வு இன்றும் பாடநூல். அவர் ‘ஸ்ரீபுரம்’ என்று பெயர் மாற்றிச் சொன்ன ஊரில் அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அதனால் சேரி மக்களோடு தாராளமாகப் பழக முடியாமல் போனதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார்: மேற்கே ஒன்று, நாகப்பட்டினம் பக்கம் ஒன்று. 1970களில் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார். டெல்டா ஒன்றல்ல என்பதை மேற்குக்கும் கிழக்குக்கும் நடந்து காட்டிய ஆய்வு அது.

பையில் எது?

ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து புத்தகம். கிளம்பும் முன்னால் ‘நடந்தாய் வாழி காவேரி’. ரயிலில் ‘அம்மா வந்தாள்’. சிறியது, கும்பகோணம் வருவதற்குள் முடிந்துவிடும். ஊரில் இருக்கும்போது புரட்டக் குடவாயிலின் ‘தஞ்சாவூர்’. மாயூரம் தாண்டும்போது ‘சாயாவனம்’. கிழக்கே போகும் நாளுக்குச் ‘செந்நெல்’. பசிக்குச் சமஸின் ‘சாப்பாட்டுப் புராணம்’ தனி.

இவற்றோடு கொஞ்சம் அளவுச் சொல்லும் தெரிந்திருந்தால் நல்லது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். 12 மரக்கால் ஒரு கலம். மேலே சொன்ன எல்லாப் புத்தகங்களிலும் அடியில் ஓடுவது இந்தக் கணக்குதான்.

பையில் வைக்க முடியாத இரண்டு ஏடுகள் அங்கேயே இருக்கின்றன. ஒன்று பெரிய கோயில் வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறச் சுவரில். ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. திருவாரூர், பழையாறை என்று நாடெங்குமிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்கள். எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை. ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஒரு வேலி நிலத்தின் வருவாய், அதாவது 100 கலம் நெல். இறந்தால் பங்கு யாருக்கு என்பதும் எழுதியிருக்கிறது. இன்னொன்று கீழவெண்மணி நினைவுச் சின்னத்தில். 44 பெயர்கள்.

காலையில் தஞ்சாவூரில் முதல் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் இரண்டாவதன் முன்னால் நிற்கலாம். வழி முழுக்க வயல்தான். நூறு கலத்திலிருந்து அரைப்படிக்கு வந்து சேர்கிற அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் விளைவது ஒரே நெல்.