நன்றிக் கடிதம் யாருக்கு?

அமெரிக்காவில் சேர்க்கை நேர்காணல் முடிந்து பிள்ளை வீடு திரும்பியதுமே அடுத்த கவலை பிறந்துவிடுகிறது: நேர்கண்டவருக்கு நன்றி எழுத வேண்டுமா, எழுதாவிட்டால் இடம் போய்விடுமா? ஒரு நாளைக்குள் அனுப்பிவிடு என்பதுதான் வழக்கமான அறிவுரை. ஆனால் பேசியவர் யார் என்று பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ஹார்வர்டு, எம்ஐடி போன்ற இடங்களுக்காகப் பிள்ளைகளைச் சந்திப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத முன்னாள் மாணவர்கள். தங்கள் வேலை நேரம் போக ஏதோ ஒரு காபிக் கடையிலோ கணினித் திரையிலோ பேசிவிட்டு ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார்கள். இடம் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இல்லை. கடிதம் வந்து சேரும்போது அறிக்கை போய்விட்டிருக்கவும் கூடும். ஆண்டோவர், எக்ஸிடர் போன்ற உறைவிடப் பள்ளிகளில் கதை வேறு. அங்கே 13, 14 வயதுப் பிள்ளையிடம் பேசுபவர் பல நேரம் சேர்க்கை அலுவலகத்துக்காரர். விண்ணப்பத்தைப் படிப்பதிலும் அவருக்குப் பங்கு இருக்கலாம். ஆக, கடிதத்தால் காரியம் ஆகாத இடத்தில்தான் அது கலப்பில்லாத நன்றியாக இருக்கிறது. காரியம் ஆகக்கூடிய இடத்தில் அது விண்ணப்பத்தின் இன்னொரு பக்கமாகிவிடுகிறது. இந்த வழக்கத்தின் கோளாறு இதுதான்.

கடிதம் உண்மையில் எடைபோடப்படுகிறதா? அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் நிரப்பும் 'காமன் டேட்டா செட்' படிவத்தில், சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கும் பட்டியல் ஒன்று உண்டு. நேர்காணலுக்கு அதில் ஒரு வரி. விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்துக்கு ஒரு வரி. நன்றிக் கடிதத்துக்கு வரி கிடையாது. ஆனால் ஆர்வத்தைக் கணக்கில் எடுப்பதாகச் சொல்லும் கல்லூரியில், கடிதம் அந்த வரிக்குள் நுழையாது என்று யார் உறுதி சொல்வது? கடிதத்தைக் குணத்துக்குச் சான்றாகவும் எடுத்துக்கொள்ள முடியும். அந்தக் குணத்தை எடைபோடும் இடம் எவ்வளவு தளர்வானது என்பதை, ஆசிய அமெரிக்கரிடம் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது தொடுத்த வழக்கில் 2018இல் பாஸ்டனில் நடந்த விசாரணை காட்டியது. ஆசிய அமெரிக்க மாணவர்களை நேரில் சந்தித்த முன்னாள் மாணவர்கள் அவர்களின் குணநலனுக்கு வெள்ளையருக்கு ஏறக்குறைய இணையாகவே மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். சேர்க்கை அலுவலகம் கொடுத்த மதிப்பெண்ணோ குறைவு. இப்படிப்பட்ட தராசில் அழகான காகிதத்தில் எழுதிய கடிதம் ஒன்றையும் வைத்தால், சேர்க்கை ஆலோசகருக்குக் காசு கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளையின் தட்டுதான் தாழும்.

மரியாதை பழகட்டுமே, அதில் என்ன தப்பு என்பார்கள். பழகட்டும், அதற்கு மதிப்பெண் எதற்கு? அந்த மரியாதையும் எல்லா வீட்டிலும் ஒரே உருவில் இருப்பதில்லை. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நன்றியை வாய்விட்டுச் சொல்வதே அந்நியம்போல் தோன்றும். வள்ளுவர்கூடத் தம் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்றுதான் பெயரிட்டார், சொல்லுதல் என்றல்ல. எழுதாத பிள்ளைக்கு நன்றி இல்லை என்று எவரும் முடிவு கட்ட முடியாது. சிறிய பள்ளிக்கு யார் உண்மையில் வந்து சேர்வார்கள் என்று தெரிய வேண்டுமே என்பது இன்னொரு வாதம். நியாயம்தான், தெரிய வேண்டுமென்றால் எல்லாரிடமும் நேராகக் கேட்டுவிடலாம். கடிதமே வேண்டாம் என்று சொல்வதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவ மேற்பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறையின் நடத்தை நெறி, நேர்காணலுக்குப் பிறகு தேவையற்ற கடிதப் போக்குவரத்து வேண்டாம் என்கிறது. நன்றிக் கடிதம் அனுப்பாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் மருத்துவமனைகளும் உண்டு. நேர்காணலுக்கு அழைக்கும் மின்னஞ்சலிலேயே கல்லூரிகளும் இப்படி ஒரு வரி சேர்க்கலாம்.

அந்த வரி வரும்வரை, எழுதுவதே நல்லது என்பேன். நேரம் ஒதுக்கிய மனிதருக்காக, நாலு வரி, மின்னஞ்சலில். "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு மனமார்ந்த நன்றி; தங்கள் நிறுவனத்தின் பாரம்பரியம் என்னைக் கவர்ந்தது" என்பதை யாரும் யாருக்கும் அனுப்பலாம். "பாலம் காற்றில் ஏன் ஆடுகிறது என்று கேட்டீர்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து 1940இல் விழுந்த டகோமா பாலத்தைப் பற்றிப் படித்தேன்" என்பதை அந்தப் பிள்ளை மட்டுமே, அந்த ஒருவருக்கு மட்டுமே எழுத முடியும். கூடவே பரிசுப் பொருள் எதுவும் போகக் கூடாது. நீங்கள்தான் என் முதல் தேர்வு என்று நாலு இடத்துக்கும் எழுதக் கூடாது. அம்மா அப்பா கைவைப்பதானால், நேர்கண்டவரின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.