கோட்டைக்குள் ஒரு தேவாலயம்: சென்னை புனித மேரி ஆலயக் கட்டடம்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம், சூயசுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் மிகப் பழையது என அறியப்படுகிறது. ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில் 1678 மார்ச் 25 அன்று பணி தொடங்கியது. அது மரியாளுக்குத் தேவதூதர் மங்களச் செய்தி சொன்ன திருநாள். பெயர் அதனால் வந்தது. 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்டது.

இந்த ஆலயம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு திருமணங்களைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்: 1680-இல் எலிகு யேல், 1753-இல் ராபர்ட் கிளைவ். யார் மாலை மாற்றினார் என்பதைவிடக் கூரையைப் பார்ப்பதே பயன் தரும். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோல மூன்று வளைகூரைகள். முழுவதும் செங்கல், ஏறத்தாழ 2 அடிக் கனம். வெளிச்சுவர் 4 அடி. கூரையில் மரம் கிடையாது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும், தீப்பிடிக்கக் கூடாது என்பதே கணக்கு. வழிபாட்டு இடத்தையும் அரணாகவே கட்டியவர்கள், சுற்றிலும் பகை இருக்கும் என்று தெரிந்தே கட்டினார்கள். கோபுரம் 1701-இலும் அதன் ஊசிமுனை 1795-இலும் பின்னால் சேர்ந்தவை. என் கண்ணுக்கு அவை ஒட்டவைத்தவையாகவே தெரிகின்றன.

முற்றத்தில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களுக்கும் போர்க்கதை உண்டு. கோட்டைக்கு வெளியே இருந்த இடுகாட்டின் உயரமான கல்லறைகளை 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை மறைவாகப் பயன்படுத்தியது. மறுபடி அப்படி நேராதிருக்கக் கல்லறைகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பரப்பினார்கள். அவற்றின் கீழே உடல்கள் இல்லை.

புதுச்சேரிக்காரர்கள் நின்று பார்க்க வேண்டியது பலிபீடத்தின் மேலுள்ள 'கடைசி இராப்போசனம்' ஓவியம். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது எடுத்துவந்தது என்பது வழிவழிச் செய்தி. ரஃபேலின் பாணி என்று அதைப் புகழும் கட்டுரைகள், வந்த வழியை அரை வரியில் கடந்துவிடுகின்றன. கொள்ளைப் பொருளைக் கலைச்செல்வம் என்று மட்டும் எழுதுவது பாதி வரலாறு. அதே ஆண்டு புதுச்சேரி தரைமட்டமானது. சம்பா கோயிலும் இடிந்தது. இன்று நிற்பது 1791-இல் எழுந்தது. ஆனால் அந்தச் சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலை 1748-இல், துய்ப்ளே காலத்தில், பிரெஞ்சுக்காரர் இடித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு சொல்கிறது. அதையும் சேர்த்தே மாணவர்கள் படிக்க வேண்டும்.

நெட்டப்பாக்கம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து சென்னைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கோட்டை அருங்காட்சியகத்தோடு திரும்பிவிட வேண்டாம். இந்த ஆலயமும் அதே கோட்டைக்குள்தான் இருக்கிறது.