தரவரிசை ஏணியும் தொழிலக வாயிலும்

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள நோர்த் ஈஸ்ரேண் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி, உயர்கல்வி பற்றிப் பேசுவோர் பலராலும் வியந்துரைக்கப்படுகின்றது. ‘யூ.எஸ். நியூஸ்’ ஏடு வெளியிடும் தரவரிசையில் 1996ஆம் ஆண்டில் 162ஆம் இடத்தில் நின்ற இக்கல்விக்கூடம், 2013ஆம் ஆண்டில் 49ஆம் இடத்தை எய்திற்று. இவ்வுயர்வுக்குக் காரணம் யாதெனக் கேட்பின், மாணவரை ஆறுமாத காலம் தொழிலகங்களுக்கு அனுப்பி ஊதியத்துடன் பணிபுரியச் செய்யும் அதன் பயிற்சித் திட்டமே எனப் பலர் விடை கூறுவர். இவ்விடை பாதியளவே உண்மையாகும்.

இத்திட்டத்தின் தோற்றுவாய் பொஸ்ரன் அன்று, சின்சினாட்டி. அங்குப் பொறியியல் கற்பித்த ஹேர்மன் ஷ்னைடர் என்பார், 1906இல் 27 மாணவருடன் இம்முறையைத் தொடக்கினார். மாணவர் இருவர் இருவராகப் பிரிக்கப்பட்டனர். ஒருவன் வகுப்பிலிருக்கும் வாரத்தில் மற்றவன் பட்டறையில் நிற்பான். அடுத்த வாரம் இடம் மாறுவர். இதற்குக் ‘கூட்டுறவுக் கல்வி’ என்று பெயரிட்டனர். நமது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. இங்கே ‘கூட்டுறவு’ பூண்டவர்கள் கல்லூரியும் முதலாளியுமே என்பதை வாசகர் மனங்கொள்ளுதல் நன்று.

நோர்த் ஈஸ்ரேண் 1909இல் எட்டு மாணவருடன் இம்முறையை மேற்கொண்டது. 1898இல் வை.எம்.சி.ஏ. நடத்திய மாலை வகுப்புக்களிலிருந்து முளைத்த நிறுவனம் அது. பகலில் உழைத்து மாலையிற் கற்க வந்தோரின் பள்ளி என்பதே அதன் பிறப்புரிமை. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள், குடியேறி வந்தோரின் பிள்ளைகள், வீட்டிலிருந்தே நாடோறும் வந்துபோவோர் ஆகியோரே நெடுங்காலம் அதன் மாணவராயிருந்தனர். தொழிலகத்திற் பெற்ற கூலியே அவர்களுக்குக் கல்விக் கட்டணமாயிற்று. தந்தையின் பணப்பையை நம்பாது பட்டம் பெற வழி செய்த ஏற்பாடு இது என்பதை மறுப்பது நேர்மையாகாது. இன்று பல நாடுகளிலும் ‘அனுபவம்’ என்ற பெயரில் இளைஞரிடம் கூலியின்றி வேலை வாங்கும் வழக்கத்தோடு ஒப்பிடின், இதன் மேன்மை தெளிவாகும்.

உழைப்பையும் கல்வியையும் இணைத்தல் என்ற கருத்தும் நமக்கு அந்நியமானதன்று. 1875இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, சமுதாயத்தை மாற்றும் கருவிகளுள் ஒன்றாக மார்க்ஸ் இவ்விணைப்பைச் சுட்டினார். ஆனால் அவர் கருதியது உழைப்பின் அமைப்பு முழுவதையும் விளங்கிக்கொள்ளும் மனிதனையே. பொஸ்ரன் மாணவன் விளங்கிக்கொள்வது ஒரு நிறுவனத்தின் ஒரு பிரிவை மட்டுமே. அந்நிறுவனத்தின் இலாபம் எங்கே செல்கிறது, அங்குள்ள தொழிலாளருக்குச் சங்கமுண்டா என்பனவற்றை அவன் தன் பயிற்சி அறிக்கையில் எழுத வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

இனி, கீர்த்தியின் மறுபாதிக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாணவர் தொகை வீழ்ந்து பல்கலைக்கழகம் நெருக்கடிக்குள்ளாயிற்று. 1996இல் தலைவராக வந்த றிச்சார்ட் பிறீலண்ட், தரவரிசையில் ஏறுவதையே மீட்சிக்கான வழியாகக் கண்டார். அவ்வேடு எவற்றை எண்ணுகின்றது, எவ்வாறு எண்ணுகின்றது என்பன நுணுகி ஆராயப்பட்டன. இருபதுக்குக் குறைந்த மாணவருள்ள வகுப்புக்களுக்குப் புள்ளிகள் உண்டென்று அறிந்ததும், பல வகுப்புக்களில் மாணவர் தொகை பத்தொன்பதாக வரையறுக்கப்பட்டது. விண்ணப்பங்கள் பெருக வழி செய்யப்பட்டது. விண்ணப்பங்கள் பெருகினால் நிராகரிப்பும் பெருகும்; நிராகரிப்புப் பெருகினால் மதிப்பும் பெருகும். வாயிலில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதைக் கொண்டு கல்வியின் தரத்தை அளக்கும் இம்முறையின் விசித்திரத்தை என்னென்பது!

இவ்வரலாற்றில் ஒரு செய்தி தனியே நோக்கத்தக்கது. வேலைக்குச் சென்ற மாணவரையும் முழுநேர மாணவராகவே ஏடு எண்ணியதால், தலைக்கு இவ்வளவு செலவு என்ற கணக்கில் பல்கலைக்கழகம் தாழ்ந்து காணப்பட்டது. இதனை மாற்ற வேண்டுமெனப் பிறீலண்ட் அக்கணக்காளரிடம் வாதாடினார். எந்தத் திட்டத்துக்காகப் பல்கலைக்கழகம் புகழப்படுகின்றதோ, அதே திட்டம் தரவரிசைக் கணக்கிற் பாரமாயிருந்தது! உழைக்கும் மாணவனை மதிக்கும் பத்தியொன்று அந்தக் கணக்கேட்டில் இருக்கவில்லை.

அக்கணக்கின் உறுதிதான் என்ன? 2022இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் அளித்த புள்ளிவிவரங்களை அதன் கணிதப் பேராசிரியர் ஒருவரே கேள்விக்குள்ளாக்கினார். இரண்டாம் இடத்திலிருந்த அது பதினெட்டாம் இடத்துக்கு இறங்கிற்று. 2023இல் அவ்வேடு வகுப்பளவு முதலிய சில அளவுகோல்களைக் கைவிட்டது. உடனே நோர்த் ஈஸ்ரேண் 44ஆம் இடத்திலிருந்து 53ஆம் இடத்துக்குச் சரிந்தது. அதே ஆசிரியர், அதே ஆய்வுகூடம், அதே தொழிலகங்கள். மாறியது அளவுகோல் மட்டுமே.

கீர்த்தி ஏறியதன் விலையை வேறோரிடத்திற் காணலாம். இன்று விண்ணப்பிப்போருள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட அங்கு அனுமதி பெறுவதில்லை. ஆண்டுக் கட்டணம் 60,000 டொலரைத் தாண்டிவிட்டது. வேலைக்குச் செல்லும் தவணைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஆறுமாதக் கூலி ஓராண்டுக் கட்டணத்தின் ஒரு பகுதியையே அடைக்கும். உதவிப் பணம் பெறுவோர் உளர். அதுவும் இவ்வாயிலைக் கடந்தோருக்கே. பொஸ்ரனின் புறநகரில் நடுத்தரப் பெறுபேற்றுடன் நிற்கும் பேருந்துச் சாரதியின் மகன், தன் தந்தையின் தலைமுறைக்குத் திறந்திருந்த அவ்வாயிலை இன்று வெளியே நின்றே பார்க்கின்றான். உள்ளே நுழைந்தவனுக்கோ, கூலி என்பது கட்டணம் கட்டும் வழி என்பதினும், எதிர்கால உத்தியோகத்துக்குரிய அறிமுகச் சீட்டாகவே பெரிதும் பயன்படுகின்றது. திட்டத்தின் பெயர் மாறவில்லை. அதன் வர்க்கம் மாறிவிட்டது.

தரவரிசைத் தாளைக் கையிலேந்தி ஆலோசனை கேட்க வரும் மாணவர் நம்மிடையே பலர். வேலைப் பயிற்சியுண்டு என்ற ஒரு வரி அவர்களைப் பெரிதும் ஈர்க்கின்றது. அந்த வேலைக்குக் கூலியுண்டா, அக்கூலி கட்டணத்தில் எத்தனையில் ஒரு பங்கு, வேலை கிடையாத பருவத்தில் மாணவனின் நிலை என்ன, ஊரிலுள்ள தொழிலாளரின் பிள்ளைகள் எத்தனை பேர் அவ்வகுப்பில் இருக்கின்றனர் என்று கேட்டெழுதி விடை பெறுமாறு அவர்களுக்குச் சொல்லலாம். அவ்விடைகளுக்குத் தரவரிசைத் தாளில் இடமில்லை; மாணவர் நேரே எழுதிக் கேட்க வேண்டியதுதான்.